எல்இடி டிம்மிங்: வாட் எங்கே மிச்சமாகிறது, எங்கே சூடாகப் போகிறது

12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப்பின் வெளிச்சத்தைக் குறைக்க பிடபிள்யூஎம் (மின்சாரத்தை வேகமாக அணைத்து எரித்து மங்க வைக்கும் முறை) டிம்மர் போட்டால் மின்சாரம் மிச்சம், லீனியராக, அதாவது தொடர்ந்து ஓடும் மின்னோட்டத்தின் அளவையே இறக்கிக் குறைத்தால் வீண் என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நிற்காது.

மீட்டருக்கு 60 எல்இடி உள்ள 5050 ஸ்ட்ரிப்பை எடுத்துக்கொள்வோம். மீட்டருக்கு 14.4 வாட், 5 மீட்டருக்கு 72 வாட், அதாவது 12 வோல்ட்டில் 6 ஆம்பியர். உள்ளே மூன்று எல்இடியும் ஒரு ரெசிஸ்டரும் தொடராக நிற்கின்றன. வெள்ளை எல்இடிக்கு 3.1 வோல்ட் என்றால் மூன்றுக்கு 9.3 வோல்ட். மீதி 2.7 வோல்ட் ரெசிஸ்டரில் விழுகிறது. பிடபிள்யூஎம்மில் 50 சதவீத டியூட்டி (ஒவ்வொரு சுற்றிலும் எரியும் நேரத்தின் பங்கு) வைத்தால் சராசரி 3 ஆம்பியர், சப்ளையிலிருந்து 36 வாட். அதே 3 ஆம்பியரை ஒரு டிரான்சிஸ்டர் வழியாக லீனியராகக் கொடுத்தாலும் சப்ளையிலிருந்து எடுப்பது 36 வாட்தான். வேறுபாடு சூடு விழும் இடத்தில் மட்டும். பிடபிள்யூஎம்மில் ஸ்ட்ரிப் ரெசிஸ்டர்கள் 8.1 வாட்டைத் தின்கின்றன. லீனியரில் ரெசிஸ்டர்கள் சுமார் 4 வாட், டிரான்சிஸ்டர் சுமார் 4.5 வாட். கூட்டினால் ஏறக்குறைய ஒன்றே. இன்னொன்றும் உண்டு: எல்இடியில் மின்னோட்டம் குறையக் குறைய ஒரு வாட்டுக்குக் கிடைக்கும் ஒளி கூடும். எனவே அதே 36 வாட்டுக்கு லீனியர் முறையில் வெளிச்சம் கொஞ்சம் அதிகமாகவே வரும்.

அப்படியானால் பிடபிள்யூஎம் எதற்கு? ஸ்ட்ரிப்புக்கு அதுதான் சரியான முறை, ஆனால் காரணம் வேறு. சுவிட்ச் செய்யும் மாஸ்ஃபெட் (மின்சாரத்தைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர்) அதிகம் சூடாகாது. எல்இடி எரியும் நேரமெல்லாம் முழு மின்னோட்டத்தில் எரிவதால் நிறம் மாறாது. எல்லாத் துண்டுகளும் ஒரே அளவில் மங்கும். லீனியராக மின்னழுத்தத்தை இறக்கினால் 12 வோல்ட்டுக்கும் 8 வோல்ட்டுக்கும் இடையிலேயே ஆட்டம் முடிந்துவிடும். எல்இடிகளுக்குள் இருக்கும் சின்னச் சின்ன மின்னழுத்த வேறுபாடு அடிமட்டத்தில் பெரிதாகத் தெரியும். ஒரு துண்டு எரியும், பக்கத்துத் துண்டு அணைந்திருக்கும்.

செயல்திறனைத் தீர்மானிப்பது டிம்மர் அல்ல, எல்இடிக்கும் சப்ளைக்கும் இடையில் மிஞ்சி நிற்கும் வோல்ட். 12 வோல்ட்டில் 9.3 என்றால் 77.5 சதவீதம். எந்த டிம்மர் போட்டாலும் இது மாறாது. 24 வோல்ட் ஸ்ட்ரிப் வாங்கும்போது வெட்டும் குறிகளுக்கு இடையே எத்தனை எல்இடி என்று எண்ணிப் பாருங்கள். ஆறு இருந்தால் 18.6 வோல்ட், அதே 77.5 சதவீதம்தான். ஏழு இருந்தால் 21.7 வோல்ட், 90 சதவீதம். இரண்டும் 24 வோல்ட், பார்வைக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஏழு உள்ளதில் ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது 2.3 வோல்ட்தான் என்பதால் நீண்ட கம்பியில் வோல்ட் இறங்கினால் அது சீக்கிரம் மங்கும். சப்ளையைப் பக்கத்தில் வைக்க முடிந்தால் ஏழுதான் என் தேர்வு.

555 வைத்து ஒரு பிடபிள்யூஎம் டிம்மர்

மைக்ரோகன்ட்ரோலர் இல்லாமல், ஒரு குமிழ் திருப்பினால் போதும் என்றால் என்ஈ555 டைமர் ஐசி இன்னும் நன்றாகவே வேலை செய்யும். தேவையானவை: என்ஈ555 ஒன்று, 100 கிலோ ஓம் லீனியர் பொட்டென்ஷியோமீட்டர், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், 1என்4148 டையோடு இரண்டு, 3.3 நானோஃபாரட் ஃபிலிம் கெபாசிட்டர், 10 நானோஃபாரட் ஒன்று, 100 நானோஃபாரட் ஒன்று, ஐஆர்எஃப்இசட்44என் மாஸ்ஃபெட், 100 ஓம், 10 கிலோ ஓம், 1000 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக்.

1. 8ஆம், 4ஆம் பின்களைச் சேர்த்து 12 வோல்ட்டுக்கும், 1ஆம் பின்னைத் தரைக்கும் கொடுங்கள். 100 நானோஃபாரட் கெபாசிட்டர் ஐசியின் காலடியிலேயே 8க்கும் 1க்கும் இடையில் இருக்கட்டும்.
2. 12 வோல்ட்டிலிருந்து 1 கிலோ ஓம் வழியாக 7ஆம் பின். அங்கிருந்து இரண்டு டையோடுகள் எதிரெதிர் திசையில் பொட்டென்ஷியோமீட்டரின் இரு முனைகளுக்கும் போகட்டும். ஒன்று சார்ஜ் ஆகும் வழி, மற்றது டிஸ்சார்ஜ் ஆகும் வழி.
3. நடு முனையை 2ஆம், 6ஆம் பின்களுக்குச் சேர்த்து, அங்கிருந்து 3.3 நானோஃபாரட்டைத் தரைக்கு இறக்குங்கள். 5ஆம் பின்னிலிருந்து 10 நானோஃபாரட் தரைக்கு.
4. 3ஆம் பின்னிலிருந்து 100 ஓம் வழியாக மாஸ்ஃபெட் கேட். கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையில் 10 கிலோ ஓம்.
5. சோர்ஸ் தரைக்கு, ட்ரெயின் ஸ்ட்ரிப்பின் மைனஸுக்கு. ஸ்ட்ரிப்பின் பிளஸ் நேராக 12 வோல்ட்டுக்கு. 1000 மைக்ரோஃபாரட்டை டிம்மரின் உள்ளீட்டில் போடுங்கள்.

கெபாசிட்டர் அளவைப் பற்றி ஒரு வார்த்தை. அதிர்வெண்ணுக்கான புத்தகச் சூத்திரத்தில் 0.693 என்று வரும் எண் இங்கே பொருந்தாது. டையோடு ஒவ்வொன்றிலும் 0.6 வோல்ட் இறங்குவதால் 12 வோல்ட் சப்ளையில் அது சுமார் 0.78 ஆகிவிடும். பல வரைபடங்களில் காணும் 10 நானோஃபாரட்டை அப்படியே போட்டால் 1.4 கிலோஹெர்ட்ஸுக்குப் பதில் 1.27 கிலோஹெர்ட்ஸ்தான் வரும். 3.3 நானோஃபாரட்டில் 3.8 கிலோஹெர்ட்ஸ் கிடைக்கும். இந்த எண்கள் ஏன் முக்கியம் என்பது கொஞ்சம் கீழே.

555 தன் 3ஆம் பின்னில் 10 வோல்ட்டுக்கு மேல் தருவதால் சாதாரண மாஸ்ஃபெட்டே போதும். 24 வோல்ட் ஸ்ட்ரிப்புக்கு இதே சுற்றைப் பயன்படுத்தலாம், ஆனால் 555க்கு மட்டும் 7812 ரெகுலேட்டர் வழியாக 12 வோல்ட் கொடுக்க வேண்டும். 24 வோல்ட்டை நேரடியாகக் கொடுத்தால் ஐசி அந்த நிமிடமே போய்விடும்.

ஆர்டுயினோ, ஈஎஸ்பி32 போன்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டு வைத்து ஓட்டினால் கதை மாறுகிறது. 5 வோல்ட் கேட்டுக்கு, அந்த 5 வோல்ட்டிலேயே நன்றாகத் திறக்கும் லாஜிக் லெவல் மாஸ்ஃபெட் வேண்டும். ஐஆர்எல்இசட்44என் அந்த வகை. பெயரில் ‘எஃப்’ இருக்கும் இடத்தில் ‘எல்’ என்ற ஒரே எழுத்து வேறுபாட்டைக் கவனிக்காமல் ஐஆர்எஃப்இசட்44என் போட்டால், அது பாதி திறந்து நின்று சூடாகி, ஸ்ட்ரிப்பும் முழுதாக எரியாது. 3.3 வோல்ட் ஈஎஸ்பி32க்கு ஐஆர்எல்இசட்44என்னும் உத்தரவாதமில்லை. டேட்டாஷீட்டில் 2.5 வோல்ட் கேட்டுக்கே மின்தடை குறிப்பிட்டிருக்கும் ஏஓ3400 போன்றதைத் தேடுங்கள். அது 30 வோல்ட் தாங்கும், ஆனால் அரிசி அளவுதான். தாமிரப் பரப்பு நன்றாக விட்ட போர்டில் 2, 3 ஆம்பியருக்கு மேல் கேட்காதீர்கள்.

கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையிலான அந்த 10 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தேவையற்றது என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. கன்ட்ரோலர் பூட் ஆகும் நேரத்தில் பின் மிதந்துகொண்டிருக்கும். அப்போது கேட்டைக் கீழே பிடித்து வைக்க இது இல்லாவிட்டால், சப்ளை போட்டவுடன் விளக்கு ஒரு முறை பளீரென்று எரிந்து அணையும்.

அதிர்வெண்: எவ்வளவு குறைவு ஆபத்து, எவ்வளவு அதிகம் வீண்

விளக்குத் துடிப்பைப் பற்றிய ஐஇஇஇ (மின் பொறியாளர் அமைப்பு) 1789-2015 பரிந்துரைப்படி, 90 ஹெர்ட்ஸுக்கு மேல் குறைந்த ஆபத்து என்று கொள்ளத்தக்க துடிப்பு அளவு, சதவீதத்தில், அதிர்வெண்ணின் 0.08 மடங்கு. பிடபிள்யூஎம்மில் விளக்கு முழுதாக அணைந்து எரிவதால் துடிப்பு 100 சதவீதம். அதற்கு 1250 ஹெர்ட்ஸ் வேண்டும். கண்ணுக்கும் உடலுக்கும் எந்த விளைவும் இல்லை என்று சொல்லும் கடுமையான எல்லை 3000 ஹெர்ட்ஸ். ஆர்டுயினோ ஊனோ தானாகத் தருவது 490 ஹெர்ட்ஸ், 5, 6ஆம் பின்களில் மட்டும் 980. இரண்டுமே போதாது. 9, 10ஆம் பின்களை ஓட்டும் டைமர் 1இன் ப்ரீஸ்கேலரை (கடிகாரத்தை வகுக்கும் எண்) 64இலிருந்து 8க்கு மாற்றினால் 3921 ஹெர்ட்ஸ். ஒரு வரிதான் மாற்ற வேண்டும்.

துடிப்பைச் சோதிக்கக் கருவி தேவையில்லை. மங்கிய வெளிச்சத்தில் ஒரு பென்சிலை விசிறி போல வேகமாக ஆட்டிப் பாருங்கள். தொடர்ச்சியான மங்கலுக்குப் பதில் தனித்தனிப் பென்சில்களாகத் தெரிந்தால் அதிர்வெண் குறைவு. கைபேசி கேமராவில் கோடு கோடாகத் தெரிவதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத அதிர்வெண்ணிலும் கேமராவுக்குக் கோடு வரும்.

அப்படியானால் 20 கிலோஹெர்ட்ஸ் வைத்துவிடலாமே, காதுக்கும் கேட்காதே என்று தோன்றும். கேட் ஓட்டம் அதற்குத் தயாராக இருக்க வேண்டும். மைக்ரோகன்ட்ரோலர் பின்னிலிருந்து 220 ஓம் வழியாக ஐஆர்எல்இசட்44என்னை ஓட்டினால், அது திறக்க சுமார் 2.5 மைக்ரோ நொடி, மூட அதே அளவு எடுக்கும். 12 வோல்ட், 6 ஆம்பியரில் ஒவ்வொரு சுற்றுக்கும் வீணாவது 0.5 × 12 × 6 × 5 மைக்ரோ நொடி, அதாவது 180 மைக்ரோ ஜூல். 1.5 கிலோஹெர்ட்ஸில் இது 0.27 வாட். 20 கிலோஹெர்ட்ஸில் 3.6 வாட். இதோடு 0.025 ஓம் மின்தடையால் வரும் 0.9 வாட்டைச் சேருங்கள். டிஓ-220 உறை ஹீட்சிங்க் இல்லாமல் வாட்டுக்கு சுமார் 62 டிகிரி ஏறும். முதல் நிலையில் 73 டிகிரி ஏற்றம், ஒரு சிறு அலுமினியத் துண்டு போதும். இரண்டாவதில் கணக்குப்படி 280 டிகிரி ஏற வேண்டும். அதற்கு முன்பே மாஸ்ஃபெட் செத்துவிடும். 20 கிலோஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் இடையில் டிசி4427 போன்ற கேட் டிரைவர் ஐசி வையுங்கள். இல்லையென்றால் 3 முதல் 4 கிலோஹெர்ட்ஸிலேயே நின்று, சப்ளையின் கீச்சொலியை உள்ளீட்டுக் கெபாசிட்டரால் அடக்குவது நல்லது. ஒலி அடங்கவில்லையென்றால் பெரும்பாலும் அந்தக் கெபாசிட்டர் பழசாகவோ, மாஸ்ஃபெட்டிலிருந்து தள்ளியோ இருக்கும்.

நீண்ட கம்பிக்கு இன்னொரு தொல்லை. டிம்மரிலிருந்து ஸ்ட்ரிப் 10 மீட்டர் தள்ளியிருந்தால் போகவர கம்பியின் இண்டக்டன்ஸ் தோராயமாக 8 மைக்ரோஹென்றி வரும். 6 ஆம்பியரை வெட்டும் ஒவ்வொரு முறையும் அதில் தேங்கிய ஆற்றல் மாஸ்ஃபெட்டின் மேல் வோல்ட் எகிறலாகப் பாயும். 3.8 கிலோஹெர்ட்ஸில் அது அரை வாட்டுக்கு மேல். டிம்மர் வெளியீட்டில் ட்ரெயினிலிருந்து பிளஸுக்கு ஒரு ஷாட்கி டையோடு, கேத்தோடு பிளஸ் பக்கம், போட்டுவிட்டால் சரியாகிவிடும். இரண்டு கம்பிகளையும் முறுக்கி ஓட்டினால் ரேடியோ இரைச்சலும் குறையும்.

கம்பியில் விழும் வோல்ட்டையும் பார்க்க வேண்டும். 1.5 சதுர மில்லிமீட்டர் தாமிரம் மீட்டருக்கு 0.012 ஓம். 5 மீட்டர் தூரத்துக்குப் போகவர 10 மீட்டர், 0.12 ஓம். 6 ஆம்பியரில் 0.73 வோல்ட். 12 வோல்ட்டில் 0.73 என்றால் 6 சதவீதம்தானே என்று விட்டுவிடத் தோன்றும். ஆனால் ரெசிஸ்டருக்கு இருப்பதே 2.7 வோல்ட், அதிலிருந்துதான் இந்த 0.73 போகிறது. வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறையும். பிடபிள்யூஎம்மில் எவ்வளவு மங்க வைத்தாலும் எரியும் கணத்தில் ஓடுவது முழு 6 ஆம்பியர் என்பதால், ஸ்ட்ரிப்பின் தலைப்பக்கத்துக்கும் வால்பக்கத்துக்கும் உள்ள வேறுபாடு அடிமட்டம் வரை அப்படியே நிற்கும். இரு முனையிலும் சப்ளை கொடுப்பதுதான் மருந்து.

கண் கணக்கு வேறு

குமிழைப் பாதி திருப்பினால் பாதி வெளிச்சம் தெரிய வேண்டும். நேர்கோட்டு டியூட்டியில் அப்படித் தெரியாது. கண்ணுக்குப் பாதி வெளிச்சம் என்று படுவது உண்மையில் 18.4 சதவீத ஒளி. கால்வாசி என்று படுவது 4.4 சதவீதம். பத்தில் ஒன்று என்று படுவது 1.1 சதவீதம். முக்கால் என்று படுவது 48 சதவீதம். ஆகவே நேர்கோட்டுக் குமிழில் முதல் சிறு திருப்பத்திலேயே எல்லாம் நடந்து முடிந்துவிடும், மீதித் தூரம் சும்மா சுற்றும்.

நிரலில் சூத்திரம் எளிது: கண் அளவு சதவீதம் 8க்கு மேல் இருந்தால் அதோடு 16 கூட்டி, 116ஆல் வகுத்து, மூன்றாம் அடுக்குக்கு உயர்த்துங்கள், 8க்குள் இருந்தால் 903.3ஆல் வகுத்தால் போதும். வரும் எண்தான் டியூட்டி, 1க்கு எத்தனை என்ற கணக்கில். இதை 8 பிட்டில் செய்தால் அடிமட்டம் படிக்கட்டாகத் தெரியும், ஏனென்றால் 1லிருந்து 2க்குப் போவதே வெளிச்சம் இரட்டிப்பாவது. 12 பிட், 4096 படிகள் வேண்டும். ஈஎஸ்பி32இன் 80 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் 12 பிட்டுக்கு 19.5 கிலோஹெர்ட்ஸ் வரை இடமிருக்கிறது. 4 கிலோஹெர்ட்ஸுக்குத் தாராளம். ஆர்டுயினோ ஊனோவில் இதே நயம் வேண்டுமென்றால் டைமர் 1ஐ 16 பிட்டாக நேரடியாக அமைக்க வேண்டும், தயார்நிலைக் கட்டளை 8 பிட்டில் நின்றுவிடும்.

555 சுற்றில் 1 கிலோ ஓம் இருப்பதால் குறைந்தபட்ச டியூட்டி 1 சதவீதம். கண்ணுக்கு அது ஏறத்தாழ 9 சதவீதம். முழுதாக அணைக்க வேண்டுமென்றால் சுவிட்ச் உள்ள பொட்டென்ஷியோமீட்டர் வாங்குங்கள்.

பவர் எல்இடிகளுக்கு: மின்னோட்டத்தையே குறைப்பது

ரெசிஸ்டர் இல்லாத பவர் எல்இடி வரிசையாக இருந்தால்தான் உண்மையான மிச்சம். 350 மில்லி ஆம்பியர் எல்இடி ஆறைத் தொடராகப் போட்டு, 24 வோல்ட்டிலிருந்து பிடி4115 பக் டிரைவரால் (சுருளைக் கொண்டு வோல்ட்டை இறக்கி மின்னோட்டத்தை நிலையாக வைக்கும் ஐசி) ஓட்டினால் 90 சதவீதத்துக்கு மேல் செயல்திறன் கிடைக்கும். மின்னோட்டத்தை நிர்ணயிப்பது ஒரு ரெசிஸ்டர்: 0.1 வோல்ட்டை மின்னோட்டத்தால் வகுக்க வேண்டும். 350 மில்லி ஆம்பியருக்கு 0.286 ஓம். 0.33 ஓமும் 2.2 ஓமும் இணையாகப் போட்டால் 0.287. சுருள் 68 மைக்ரோஹென்றி. செறிவு மின்னோட்டம் அரை ஆம்பியருக்கு மேல் இருக்கட்டும், இல்லாவிட்டால் சுருள் செறிந்து ஐசி சூடேறும். டையோடு ஷாட்கி வகையாகவே இருக்க வேண்டும். 1என்4007 போட்டால் மெதுவாக அணைந்து ஐசியைக் கொல்லும்.

இதன் டிம் பின்னை இரண்டு விதமாக ஓட்டலாம். 0.5 முதல் 2.5 வோல்ட் வரை நேர் மின்னழுத்தம் கொடுத்தால் மின்னோட்டம் அதற்கேற்பக் குறையும். 0.3 வோல்ட்டுக்குக் கீழே அணைந்துவிடும். ஒன்றும் இணைக்காமல் விட்டால் முழு வெளிச்சம். மின்னோட்டத்தையே குறைப்பதில் துடிப்பே இல்லை. வாட்டுக்கு ஒளி கூடுகிறது, எல்இடியும் குளிர்ச்சியாக இருக்கிறது. பேட்டரியில் ஓடும் விளக்குக்கு வேறு யோசனையே வேண்டாம், இதுதான்.

இதன் பலவீனம் அடிமட்டம். 5 சதவீதத்துக்கு இறக்கினால் மின்னோட்டத்தை நிர்ணயிக்கும் அந்த ரெசிஸ்டரில் இருப்பது 5 மில்லி வோல்ட். ஐசிக்குள் இருக்கும் ஆஃப்செட் பிழையே அந்த அளவு வரும். ஒரே போர்டு இரண்டைப் பக்கத்தில் வைத்தால் ஒன்று மினுக்கென்று எரியும், மற்றது அணைந்திருக்கும். நிறமும் கொஞ்சம் நகரும். அதனால் 100லிருந்து 20 சதவீதம் வரை மின்னோட்டத்தைக் குறைத்து, அதற்குக் கீழே அந்த 20 சதவீத மின்னோட்டத்தின் மேல் பிடபிள்யூஎம் போடும் கலப்பு முறைதான் நல்ல டிரைவர்களில் இருக்கும். ஆழமாக மங்க வேண்டிய இடத்துக்கு அப்படிப்பட்டதைத் தேடி வாங்குவது மெனக்கெட்டுச் செய்வதைவிட மேல்.

பக் டிரைவரின் டிம் பின்னில் பிடபிள்யூஎம் கொடுக்கும்போது அதிர்வெண்ணுக்கு உச்சவரம்பு இருக்கிறது. 24 வோல்ட் உள்ளீட்டிலிருந்து 18.6 வோல்ட் வரிசைக்கு 68 மைக்ரோஹென்றி சுருளில் 350 மில்லி ஆம்பியர் ஏற 4.4 மைக்ரோ நொடி ஆகும். 20 கிலோஹெர்ட்ஸில் 10 சதவீத டியூட்டி என்பதே 5 மைக்ரோ நொடி. மின்னோட்டம் ஏறி முடிந்த உடனேயே அணைக்கும் நேரம் வந்துவிடும், 10 சதவீதம் கேட்டால் அதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். 1 கிலோஹெர்ட்ஸில் 1 சதவீதம் என்பதும் 10 மைக்ரோ நொடிதான், அதில் கிட்டத்தட்டப் பாதி ஏறுவதிலேயே போய்விடும். எல்இடிகளுக்குக் குறுக்கே கெபாசிட்டர் வைத்திருந்தால் பல்ஸின் ஓரங்களை அது மேலும் மழுங்கடிக்கும். பிடபிள்யூஎம் போடுவதென்றால் அதை எடுத்துவிடுங்கள்.

செய்யவே கூடாத ஒன்று: கான்ஸ்டன்ட் கரன்ட் (மின்னோட்டத்தை நிலையாக வைக்கும்) டிரைவருக்கும் எல்இடிக்கும் நடுவில் ஸ்ட்ரிப் டிம்மரைச் செருகுவது. மாஸ்ஃபெட் அணைந்த கணத்தில் டிரைவர் சுமையைக் காணாமல் தன் வெளியீட்டுக் கெபாசிட்டரை உச்ச வோல்ட்டுக்கு ஏற்றிவிடும். அடுத்த கணம் மாஸ்ஃபெட் திறந்ததும் அத்தனையும் எல்இடிக்குள் பாயும். விளக்கு ஒரு வாரம்கூட ஓடலாம். பிறகு ஒவ்வொரு எல்இடியாகக் கரும்புள்ளி விழும். எல்இடி தரமில்லை என்று பழி அதன் மேல் போகும். டிரைவரின் மேல் எழுதியிருப்பதைப் பாருங்கள்: ‘12 வோல்ட்’ அல்லது ‘24 வோல்ட்’ என்று ஒரே எண் இருந்தால் ஸ்ட்ரிப் டிம்மர் போடலாம். ‘27 முதல் 42 வோல்ட், 350 மில்லி ஆம்பியர்’ என்று வீச்சு இருந்தால் அது கான்ஸ்டன்ட் கரன்ட். அதன் டிம் உள்ளீட்டைத்தான் தொட வேண்டும்.

வீட்டு மின்சாரத்தில்

230 வோல்ட்டில் கை வைப்பதற்கு முன் பிரேக்கரை இறக்கி, டெஸ்டரோ மீட்டரோ வைத்து உறுதி செய்வது எழுதாமலே தெரிந்த விஷயம்.

டிம்மபிள் என்று அச்சிடாத பல்ப் டிம்மரில் மங்காது. அதன் டிரைவர் வோல்ட் குறையக் குறைய மின்னோட்டத்தை அதிகம் இழுத்து வெளிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கும், ஒரு கட்டத்தில் விட்டுவிட்டு எரியும். மின்விசிறி ரெகுலேட்டரை இதற்குப் பயன்படுத்துவதும் இதே முடிவுக்குத்தான் போகும்.

பழைய ட்ரயாக் (ஏசியைத் திறந்து மூடும் மின்னணு சுவிட்ச்) டிம்மர் அரைச்சுற்றின் முன்பகுதியை வெட்டுகிறது. இழை பல்புக்குப் பொருத்தம். எல்இடி டிரைவரின் உள்ளீட்டுக் கெபாசிட்டருக்கு ஒவ்வொரு அரைச்சுற்றிலும் திடீரென உயர் வோல்ட் வந்து விழுவதால் மின்னோட்டம் குத்தலாகப் பாயும். ரீங்காரம் அங்கிருந்துதான் வருகிறது. ட்ரயாக் திறந்தே இருக்க ஒரு குறைந்தபட்ச மின்னோட்டம் வேண்டும். 9 வாட் பல்ப் ஒன்று அதைத் தராவிட்டால் ட்ரயாக் நடுவில் மூடி, மறுபடி திறந்து, விளக்கு துடிக்கும். பின்பகுதியை வெட்டும் ட்ரெய்லிங் எட்ஜ் டிம்மர் எல்இடிக்குப் பெரும்பாலும் மேல். டிம்மரின் மேல் 400 வாட் என்று எழுதியிருந்தால் அது இழை பல்புக்கான கணக்கு. எல்இடிக்குத் தனி எண் தராத பட்சத்தில் அதில் பத்தில் ஒன்று முதல் கால்வாசி வரைதான் நம்பலாம்.

அணைத்த பிறகும் எல்இடி மங்கலாக எரிந்தால், டிம்மரின் கசிவோ, சுவிட்சிலுள்ள இண்டிகேட்டர் விளக்கோ, ஃபேஸுக்கும் சுவிட்ச் கம்பிக்கும் இடையே நீண்ட தூரம் சேர்ந்தோடுவதால் வரும் கெபாசிட்டன்ஸோ காரணம். 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 வகைக் கெபாசிட்டரும் 100 ஓம் ரெசிஸ்டரும் தொடராக விளக்கின் குறுக்கே போட்டால் கசிவு அதன் வழியே போய்விடும். எக்ஸ்2 என்ற குறி இல்லாத கெபாசிட்டரை அங்கே வைக்கக் கூடாது; அது ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும்.

0–10 வோல்ட்

அலுவலகப் பேனல்களிலும் பெரிய டிரைவர்களிலும் 0–10 வோல்ட்டால் டிம் செய்வதற்கென்று இரண்டு மெல்லிய கம்பிகள் தனியாக வரும். இதில் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்வது, 10 வோல்ட்டை யார் தருகிறார்கள் என்பது. டிரைவர்தான் ஒரு சிறு மின்னோட்டத்தை வெளியே தள்ளுகிறது; டிம்மர் அதை இழுத்துக் கீழிறக்குகிறது. டிரைவர் 100 மைக்ரோ ஆம்பியர் தள்ளினால் 100 கிலோ ஓம் குறுக்கே 10 வோல்ட் எழும். அதனால்தான் ஒரு டிரைவருக்கு வெறும் 100 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரே டிம்மராக வேலை செய்கிறது. நான்கு டிரைவர்களை இணையாகச் சேர்த்தால் 400 மைக்ரோ ஆம்பியர், ஆகவே 25 கிலோ ஓம். அப்போதும் 100 கிலோ ஓமையே வைத்தால் குமிழின் முதல் கால்வாசியில்தான் எல்லாம் நடக்கும். டிரைவரின் டேட்டாஷீட்டில் அந்த மின்னோட்ட எண்ணைப் பார்த்துவிட்டுக் கணக்கிடுங்கள். எல்லாம் 100 மைக்ரோ ஆம்பியர் அல்ல.

பழுது பார்ப்பதும் இதனால் சுலபம். கட்டுப்பாட்டுக் கம்பி அறுந்தால் விளக்கு முழு வெளிச்சத்தில் நிற்கும். ஷார்ட் ஆனால் அடிமட்டத்தில் நிற்கும். குமிழ் எதற்கும் மசியாமல் விளக்கு முழுதாக எரிகிறதென்றால் டிரைவரை மாற்றுவதற்கு முன் அந்த இரண்டு கம்பிகளையும் டிரைவர் பக்கத்திலேயே ஒன்றாகத் தொட்டுப் பாருங்கள். மங்கினால் டிரைவர் நலம், கோளாறு கம்பியிலோ குமிழிலோ. பல டிரைவர்களில் 1 வோல்ட்டுக்குக் கீழே வெளிச்சம் குறையாது, அணையவும் செய்யாது. அணைக்கத் தனி ரிலே வேண்டும்.

விளக்குகள் அதிகமாகி, தனித்தனியாகக் கட்டுப்படுத்த வேண்டுமென்றால் டாலி என்ற டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறை. ஒரே ஜோடிக் கம்பியில் 64 முகவரிகள், நொடிக்கு 1200 பிட், 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 300 மீட்டர் வரை. கண் கணக்குக்கான வளைவு அதற்குள்ளேயே இருக்கிறது, 0.1 சதவீதம் முதல் 100 வரை 254 படிகள். அதன் மேல் நீங்களும் ஒரு வளைவு போட்டால் அடிமட்டம் இருட்டாகிவிடும்.

பெட்டியை மூடுவதற்கு முன்

எந்த முறையாக இருந்தாலும் சோதனையை முழு வெளிச்சத்தில் செய்துவிட்டுப் போவது வழக்கம். சிக்கல்கள் இருப்பது மற்ற இடங்களில். முழு வெளிச்சத்தில் அரை மணி நேரம் ஓட்டி ஸ்ட்ரிப்பின் அடியையும் சப்ளையையும் தொட்டுப் பார்க்கலாம். ஆனால் டிம்மரின் மாஸ்ஃபெட்டை 80, 90 சதவீத டியூட்டியில் பாருங்கள். சுவிட்ச் ஆகாமல் நிற்கும் 100 சதவீதத்தைவிட அங்கேதான் அது அதிகம் சூடேறும்.

பிறகு குமிழை அடிமட்டத்தில் விட்டு, சப்ளையை அணைத்து, இரண்டு நிமிடம் கழித்துப் போடுங்கள். எரிந்துகொண்டிருக்கும்போது 5 சதவீதம் வரை அழகாக இறங்கும் டிரைவர்கள் சில, குளிர்ந்த நிலையில் அந்த 5 சதவீதத்தில் தொடங்க மறுக்கும். அல்லது வரிசையில் நான்கு எரிந்து ஐந்தாவது பத்து நொடி கழித்து விழிக்கும். டிம்மரில் அடிமட்டத்தை நிர்ணயிக்கும் சிறு திருகு இருந்தால், எல்லா விளக்குகளும் ஒன்றாகத் தொடங்கும் புள்ளி வரை அதை உயர்த்தி, அதிலிருந்து இன்னும் சிறிது மேலே வைத்துவிடுங்கள். நிரலில் ஓடுவதென்றால் முதல் 200 மில்லி நொடிக்கு 20 சதவீதம் கொடுத்துவிட்டுப் பிறகு கேட்ட அளவுக்கு இறக்கினால் போதும்.